விக்கும் விளையாட்டும் வீண் செலவும்



இம்முறை இலக்கணமும் இல்லை, கட்டுரைப் பயிற்சியும் இல்லை. விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். மைன்கிராஃப்ட் என்னும் கட்டுமான விளையாட்டையும் அதன் வழிவந்தவற்றையும் இணைய உலாவிக்குள் விக்கல் இல்லாமல் ஓடச் செய்வது எப்படி என்பதும், அதைச் செய்து கொடுப்பது நம் வேலைதானா என்பதும் இன்றைய பொருள். நம் வேலைதான் என்பது என் கருத்து. முகம் சுளிப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டுச் சுளிக்கலாம்.

ஏன் உலாவிக்குள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம் பிள்ளைகளின் கைக்கு வரும் மடிக்கணினிகள் பெரும்பாலும் இரவல் கணினிகள், அன்பளிப்புக் கணினிகள், அல்லது அண்ணன் அக்காள் பயன்படுத்தி முடித்தவை. இரவலாக வந்தவற்றில் புதிதாக எதையும் நிறுவ முடியாதபடி பூட்டு இருக்கும். பழையவற்றில் நிறுவ இடமே இருக்காது. ஆனால் உலாவி எல்லாவற்றிலும் உண்டு. ஆகவே பிள்ளைகள் உலாவியின் வழியாக உள்ளே போகிறார்கள். தண்ணீர் மேட்டைச் சுற்றிக்கொண்டு போவதைப் போன்றதுதான் இது.

இது புதிய வழியும் அன்று. சுவீடன் நாட்டு நிரலாளர் மார்க்கஸ் பெர்சன் 2009ஆம் ஆண்டு மே மாதம் இவ்விளையாட்டைப் பொதுமக்களுக்கு முதன்முதலில் காட்டியபோதே அது உலாவிக்குள் ஜாவா செருகியின் துணையோடு ஓடியது. முழு விளையாட்டு 2011 நவம்பரில் வெளிவந்தது. 2014இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டரை பில்லியன் அமெரிக்க டாலருக்கு அதை வாங்கியது. இதற்கிடையில் உலாவிகளின் காலம் மாறிற்று. பழைய செருகிகள் பாதுகாப்பற்றவை என்று குரோம் உலாவி 2015இல் அவற்றைக் கைவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2017இல் கைவிட்டது. அவற்றின் இடத்தில் வெப்ஜிஎல் என்னும் முறை வந்தது. 2011இல் வெளியிடப்பட்ட இந்த முறையால், ஒரு வலைப்பக்கம் கணினியின் வரைகலைச் சில்லோடு நேரடியாகப் பேசி முப்பரிமாணப் படம் வரையக் கற்றுக்கொண்டது. 2019 மே மாதம், பத்தாண்டு நிறைவைக் கொண்டாட, பழைய விளையாட்டையே புதிய முறையில் உலாவிக்குள் இலவசமாக ஓடவிட்டார்கள். 32 வகைக் கட்டிகள் மட்டுமே. பகைவர்கள் இல்லை, பசி இல்லை, இரவும் இல்லை. இணைப்பு முகவரியை நண்பர்களுக்கு அனுப்பினால் அவர்களும் உள்ளே வந்து கட்டலாம். வகுப்பறைக்கு இதைவிட ஏற்ற பதிப்பு வேறில்லை என்பேன்.

இனி அந்த விக்கலுக்கு வருகிறேன். “சார், லைன் சரியில்லை, கேம் ஓடமாட்டேங்குது” என்று தொடங்காத பெற்றோர் அரிது. லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் பணிபுரியும் தந்தை ஒருவர், மகனின் நச்சரிப்புத் தாங்காமல் மாதக் கட்டணத்தை உயர்த்தி வேகமான இணையத் திட்டத்துக்கு மாறினார். விளையாட்டு முன்போலவே விக்கியது. அடுத்து, தவணை முறையில் மூவாயிரம் வெள்ளிக்கு மேல் விலையுள்ள விளையாட்டு மடிக்கணினி ஒன்றை வாங்குவதாக இருந்தார். செம்பனைக் காட்டில் குலை வெட்டிச் சம்பாதித்த பணம் அது! கடைக்குப் போவதற்குமுன் பழைய கணினியை என்னிடம் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டேன். உலாவியின் அமைப்பில் ஒரே ஒரு பொத்தான் அணைந்திருந்தது. அதைப் போட்டதும் விளையாட்டு ஓடியது. செலவு ஒரு சென்னும் இல்லை.

அந்தப் பொத்தானைப் பற்றித் தமிழில் யாரும் எழுதிவைத்ததாக நான் காணவில்லை என்பதே எனக்கு உறுத்தல். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

விளையாட்டு தடுமாறுவதில் இரண்டு வகை உண்டு. படம் துண்டு துண்டாக நகர்வது ஒன்று. தலையைத் திருப்பினால் காட்சி பின்னால் மெல்ல வரும். இது கணினிக்குள் நிகழும் கோளாறு; இணையத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மற்றொன்றில் படம் வழுக்கிக்கொண்டு நன்றாகவே நகரும். ஆனால் உடைத்த கட்டி மறுபடியும் தோன்றும், நடந்துபோனவன் பழைய இடத்துக்கே இழுக்கப்படுவான். இதுதான் இணையக் கோளாறு. நோயறியாமல் மருந்து கொடுத்தால் என்னவாகும்? முதல் நோய்க்கு இரண்டாம் நோயின் மருந்தை வாங்கித்தான் நம் பெற்றோர் பணத்தை இழக்கிறார்கள்.

இரண்டாம் வகையிலும்கூட இணைப்பின் வேகத்தைவிடத் தொலைவே பெரிது. விளையாட்டு வழங்கி சிங்கப்பூரில் இருந்தால் செய்தி போய்வருவது கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவில் இருந்தால் போய்வர ஏறக்குறைய விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். எத்தனை வெள்ளி கூட்டிக் கட்டினாலும் பசிபிக் பெருங்கடல் சுருங்காது. மேலும், இவ்விளையாட்டு உண்ணும் தரவு, காணொளி பார்ப்பதற்கு வேண்டிய தரவில் ஒரு சிறு பகுதியே. கைத்தொலைபேசியின் இணைப்பைப் பகிர்ந்தே பிள்ளைகள் ஆடலாம். அவ்வேளையில் தம்பி பக்கத்தில் காணொளி பார்க்காமலும், கணினி தானாகப் புதுப்பிப்புகளை இறக்காமலும் இருந்தால் போதும்.

முதல் வகை விக்கலுக்குக் காரணம் எளிய பெருக்கல் கணக்கு. ஐந்தாம் ஆண்டு மாணவனே போடலாம். இவ்விளையாட்டின் உலகம் 16க்கு 16 கட்டி கொண்ட துண்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பல ஆண்டுகள் அதன் உயரம் 256 கட்டிகளாக இருந்தது. அப்படியானால் ஒரு துண்டத்தில் 65,536 இடங்கள். பார்வைத் தொலைவை 8 என்று வைத்தால், நிற்கும் துண்டத்தோடு நாற்புறமும் எட்டெட்டு, ஆக 17க்கு 17, அதாவது 289 துண்டங்கள். கிட்டத்தட்ட 1 கோடியே 89 லட்சம் இடங்களைக் கணினி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பார்வைத் தொலைவை 4 ஆகக் குறைத்தால் 81 துண்டங்கள், ஏறத்தாழ 53 லட்சம் இடங்கள். தொலைவு பாதியானது, சுமையோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. நான்கு கிகாபைட் நினைவகம் மட்டுமே உள்ள கணினிக்கு இந்த ஒரு மாற்றமே உயிர் கொடுக்கும். தொலைவில் பனிமூட்டம்போல் மங்கலாகத் தெரியும். விடிகாலையில் பால்வெட்டுக்குப் போன தலைமுறைக்கு அது புதிய காட்சியா என்ன?

படம் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கு விநாடிக்கு 60 சட்டங்கள் வேண்டும். ஒரு சட்டத்தை வரைய விநாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரமே உண்டு. அந்த வேலைக்கென்றே படைக்கப்பட்டது வரைகலைச் சில்லு. அதை உலாவி பயன்படுத்துகிறதா என்பதே கேள்வி. குரோம் உலாவியின் அமைப்புகளில் ‘சிஸ்டம்’ என்னும் பகுதியில் வரைகலை முடுக்கம் பற்றிய பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு உலாவியை மூடித் திறக்க வேண்டும். நான் மேலே குறிப்பிட்ட பொத்தான் இதுவே. அணைந்திருந்தால், கணக்குப் போடும் மையச் சில்லே தன் வேலையையும் பார்த்துக்கொண்டு ஓவியமும் தீட்ட வேண்டிவரும். ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளையும் அலுவலகத்தையும் சேர்த்துப் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குறைந்த மாணவர் பள்ளிகளில் பணியாற்றும் நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

பொத்தான் போட்டிருந்தும் விக்கினால், முகவரிப் பட்டையில் குரோம் என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகள், அதையடுத்து ஜிபியு என்னும் மூன்றெழுத்துகளைத் தட்டுங்கள். வரும் பக்கத்தில் வெப்ஜிஎல் என்ற வரியைத் தேடுங்கள். அங்கே வன்பொருள் முடுக்கம் என்னும் பொருளில் பச்சை எழுத்து இருந்தால் நலம். மென்பொருள் மட்டும் என்றிருந்தால், வரைகலைச் சில்லின் இயக்கி மென்பொருள் பழையதாக இருக்கக்கூடும். கணினி உற்பத்தியாளரின் தளத்திலிருந்து புதியதை இறக்கிப் பாருங்கள்.

மற்றவை சிறு வேலைகள். திறந்து கிடக்கும் பிற தத்தல்களை மூட வேண்டும். குரோமில் ஷிஃப்ட் விசையையும் எஸ்கேப் விசையையும் சேர்த்து அழுத்தினால் எந்தத் தத்தல் எவ்வளவு நினைவகத்தை விழுங்குகிறது என்று தெரியும். விளையாட்டுச் சாளரத்தைச் சிறிதாக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் குறையும். 1920க்கு 1080 என்பது இருபது லட்சம் புள்ளிகள், 1366க்கு 768 என்பது அதில் பாதி. பிறகு, வெப்பம். தகரக் கூரை வீட்டில், பிற்பகல் மூன்று மணிக்கு, மெத்தைமேல் மடிக்கணினியை வைத்தால் காற்றுத் துளை அடைபட்டு, சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். “முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு சுணங்குகிறது” என்று பிள்ளை சொன்னால் அது பெரும்பாலும் இதுதான். ஒரு பலகைமேல் வைத்தால் தீர்ந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டால் நான் ஆசிரியன் அல்லன். முழு விளையாட்டையும் உலாவிக்குள் ஓடவைக்கும் ஈக்லர்கிராஃப்ட் என்ற ஆக்கம் ஒன்று உலவுகிறது. விளையாட்டின் ஜாவா நிரலை உலாவிக்குரிய மொழிக்கு மாற்றிச் செய்திருக்கிறார்கள். திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் உரிமையாளரின் இசைவில்லாமல் செய்தது. அவர்களின் முறைப்பாட்டின்பேரில் அதன் நிரல் களஞ்சியங்கள் நீக்கப்பட்டன. நீக்க நீக்க, யார் நடத்துவதென்றே தெரியாத படித்தளங்கள் முளைக்கின்றன. பள்ளித் தடையை மீறும் தளம் என்றே விளம்பரப்படுத்திக்கொண்டு, நடுவில் சூதாட்ட விளம்பரமும், எதையாவது இறக்கச் சொல்லும் போலிப் பொத்தானும் வைத்திருக்கிறார்கள். இத்தகைய தளம் ஒன்றில் பிள்ளை தன் டெலிமா கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கில்தான் அவன் பள்ளிப் பாடம் முழுவதும் இருக்கிறது.

திட்டித் தடுப்பதால் இது நிற்காது. பிள்ளைகள் அந்தத் தளங்களைத் தேடிப் போவதற்குக் காரணம், நேர்வழியில் கிடைப்பது அவர்கள் கணினியில் ஓடுவதில்லை என்பதே. நேர்வழியை ஓடவைத்துக் கொடுத்தால் குறுக்குவழியின் கவர்ச்சி குறையும். நேர்வழிகள் உண்டு. 2019இல் வந்த அந்த 32 கட்டிப் பதிப்பைச் சொன்னேன். நிறுவ இடமுள்ள பழைய கணினியாயின் லுவான்டி இருக்கிறது. 2024 வரை மைன்டெஸ்ட் என்று வழங்கிய கட்டற்ற மென்பொருள். விலையில்லை, பழைய கணினியிலும் ஓடும். பள்ளிகளுக்கென்றே வெளியிடப்பட்ட மைன்கிராஃப்ட் கல்விப் பதிப்பு உரிமமும் பள்ளிக் கணக்கும் கேட்கும், நிறுவியும் ஆக வேண்டும். 2020 முதல் குரோம்புக்கிலும் அது கிடைக்கிறது. அசல் விளையாட்டின் ஜாவா பதிப்பில், மொழிப் பட்டியலைத் திறந்தால் தமிழும் இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது. சில சொற்கள் எனக்கு உவப்பில்லை. அதைத் திருத்த நம் ஆசிரியர்கள் முன்வரலாமே.

சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி நியாயமானது. “யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் வாசிப்பதே குறைந்துவிட்டது. இந்த நேரத்தில் விளையாட்டை ஓடவைக்க வழி சொல்கிறீர்களே, தகுமா?” என்றார். வாசிப்பு குறைந்தது உண்மை. ஆனால் விக்கிக்கொண்டு ஓடும் விளையாட்டினால் எந்தப் பிள்ளையும் புத்தகத்துக்குத் திரும்பியதாக நான் காணவில்லை. கட்ட முடியாமல் சலித்தவன் காணொளிக்குப் போகிறான். பிறன் கட்டுவதை மணிக்கணக்காக வேடிக்கை பார்க்கிறான். செய்பவன் பார்ப்பவனாக மாறிவிடுகிறான். எனக்குக் கவலை தருவது அதுதான். நேரக்கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் பெற்றோர்தாம் வகுக்க வேண்டும், கணினியின் கோளாறு வகுக்கலாகாது.

இன்னொரு பேச்சும் அவ்வப்போது காதில் விழும். அதைக் கேட்டால் எனக்குச் சினம் வரும். “தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்பது. சிரம்பானில் வசதியான வீட்டுப் பிள்ளை இதே விளையாட்டை ஆடினால் அது படைப்பாற்றல், தொழில்நுட்ப அறிவு. பகாவ் தோட்டத்துப் பிள்ளை ஆடினால் அது நேரவிரயமா? 2012இல் ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பு, விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தோடு சேர்ந்து, எளிய மக்கள் தங்கள் பகுதியின் பொதுவிடங்களைத் தாங்களே வடிவமைக்க இதே கட்டிகளைக் கொடுத்தது. 2014இல் டென்மார்க் அரசின் நில அளவைத் துறை தன் நாடு முழுவதையும் உண்மை அளவிலேயே கட்டி மாணவர்களுக்குத் திறந்துவிட்டது. (சில குறும்பர்கள் உள்ளே புகுந்து வெடிவைத்தார்கள் என்பது வேறு கதை.)

நாம் கட்டுவதற்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? நீலாய், செண்டாயான் பக்கம் போய்ப் பாருங்கள். தோட்டம் இருந்த இடம் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிக் கிடக்கிறது. பெரட்டுக்களம், ஆயக்கொட்டகை, பால் ஸ்டோர், செம்மண் சடக்கு, லயன் வீடுகள் ஆகியவற்றை நம் பிள்ளைகளில் பலர் கண்டதில்லை. படம் பிடித்து வைத்தவர்களும் குறைவு. எங்கள் வட்டாரத்தில் இன்னும் எஞ்சி நிற்கும் லயம் ஒன்றை அளந்து கட்டும்படி ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒருமுறை வேலை கொடுத்தேன். ஒரு கட்டி ஒரு மீட்டர் என்பது விளையாட்டின் கணக்கு. அறையின் அகலம் மூன்று மீட்டருக்குமேல், நான்குக்குக் கீழ். மூன்று கட்டி போட்டால் கட்டில் நுழையாது, நான்கு போட்டால் அறை பெரிதாகிவிடும். மாணவி ஒருத்தி, “ஒரு மீட்டருக்கு இரண்டு கட்டி வைத்துக்கொள்வோமே, சார்” என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். கட்டத் தொடங்கிய பின்தான், நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டித்தால் கன அளவு எட்டு மடங்காகும் என்பது அவர்களுக்கு உறைத்தது. பழைய கணினி ஒன்று திணறி நின்றுவிட்டது! கன அளவுப் பாடத்தை அதன்பிறகு நான் மறுபடி விளக்க வேண்டியிருக்கவில்லை.

கூரைச் சரிவு எப்படி இருந்தது, சமையற்கட்டு முன்னாலா பின்னாலா, முனியாண்டி சன்னதி எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்று கேட்க அவர்கள் பாட்டிமாரிடம் போனார்கள். ஒரு பாட்டி, தொங்கலில் இருந்த வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரம் ஒன்று நின்றதாகச் சொன்னார். இன்னொருவர் அது நாவல் மரம் என்றார். இரண்டையும் வைத்தோம்.

கணினி வாங்கவே போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலிவாக விற்கப்படும் பழைய குரோம்புக்குகளைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒவ்வொரு குரோம்புக்குக்கும் புதுப்பிப்பு நிற்கும் தேதி ஒன்று உண்டு. அமைப்புகளில் அக்கருவியைப் பற்றிய பகுதியில் அது தெரியும். அந்தத் தேதி கடந்துவிட்டால் உலாவியும் பழையதாகவே நின்றுவிடும். பாதுகாப்பும் போகும், புதிய விளையாட்டும் ஓடாது. 2021 முதல் வெளிவந்தவற்றுக்குப் பத்தாண்டு புதுப்பிப்பு தருவதாகக் கூகுள் 2023இல் அறிவித்தது. விற்பவரிடம் விலையைக் கேட்கும் முன்பு இந்தத் தேதியைக் கேளுங்கள். சாளரக் கணினியாயின் நினைவகம் எட்டு கிகாபைட் இருந்தால் போதும். நான்கு இருந்து, உள்ளே இன்னொரு நினைவக அட்டைக்கு இடமும் இருந்தால், புதிய கணினிக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பகுதியிலேயே காரியம் முடிந்துவிடும்.

தலைமையாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். 2020இன் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்துக்குப் பின், செர்டிக் போன்ற திட்டங்களாலும் நல்லுள்ளங்களின் கொடையாலும் கருவிகள் பல பள்ளிகளுக்கு வந்தன. சில இடங்களில் அவை அலமாரியில் பூட்டிக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் மின்னேற்றம் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் மின்கலம் பூட்டுக்குள்ளேயே கெட்டுவிடும். வாரம் ஒரு பிற்பகல் திறந்து கொடுங்கள். எத்தனை கணினிகளில் அந்தப் பொத்தான் அணைந்திருக்கிறது என்று பிள்ளைகளே எண்ணிச் சொல்வார்கள்.

வரும் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலையில் பள்ளி நூலகத்தில் இருப்பேன். விக்கும் கணினி வைத்திருக்கும் பெற்றோர் கொண்டுவரலாம், கட்டணம் இல்லை. மின்னேற்றியை மறக்காமல் எடுத்து வாருங்கள். மின்கலத்தில் மட்டும் ஓடும்போது பல மடிக்கணினிகள் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியிருந்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது.